மணி ஒலிக்கும் காடும் மணி நா கட்டிய காடும்

வணக்கம். இன்று காட்டைப் பற்றிய இரண்டு பழைய கவிதைகளை என்னோடு சேர்ந்து மெதுவாகப் படிக்க உங்களை அழைக்கிறேன். இரண்டிலும் ஒரு காடு இருக்கிறது. அதன் வழியே குதிரையோடு செல்லும் ஒருவர் இருக்கிறார். ஒரு மணியும் இருக்கிறது. ஒன்றில், அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதியதில், அந்த மணி ஒலிக்கிறது. மற்றொன்றில், சங்கத்தொகையான அகநானூற்றின் ஒரு பாட்டில், அதன் நாவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கிடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருப்பதாலும், ஒன்றை எழுதியவர் மற்றொன்றைப் படித்திருக்க வழியில்லை என்பதாலும், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் நாம் நிம்மதியாக ஒப்பிடலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் கையில் இருக்கும் இந்தப் பழைய பிரதியைச் சற்று அருகே காட்டுகிறேன். ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் கவிதைக்குப் பக்கத்தில், ஓரத்தில், மாணவனாக இருந்தபோது நான் பென்சிலால் எழுதியது: 'காடு = மரணம்'. அவ்வளவுதான். அந்தச் சமன்குறியைப் போட்டதும் கவிதை எனக்கு முடிந்துபோயிற்று. பிறகு பல ஆண்டுகள் நான் அதைத் திறக்கவே இல்லை. காடு எதைக் குறிக்கிறது என்பதை முதல் கேள்வியாக வைத்ததுதான் பிழை என்று இப்போது எண்ணுகிறேன். காட்டில் என்ன இருக்கிறது, பேசுபவர் அதில் எங்கே நிற்கிறார், அவர் காதில் என்ன விழுகிறது என்பவற்றைக் கேட்ட பிறகே அந்தக் கேள்விக்கு வர வேண்டும்.

பனி பெய்யும் மாலையில் காட்டோரம் நின்ற ஒருவரைப் பற்றிய அந்தப் பதினாறு வரிக் கவிதையை ஃப்ராஸ்ட் 1922ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதாவது கோடைக்காலத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. காக்க வேண்டிய வாக்குகள் உண்டு, தூங்குமுன் போக வேண்டிய தொலைவு அதிகம் என்னும் அதன் கடைசி வரிகளை நேரு தம் இறுதிக் காலத்தில் தம் அருகே எழுதி வைத்திருந்தார் என்பதால், முழுக் கவிதையைப் படிக்காதவர்களுக்கும் அந்த வரிகள் தெரிந்திருக்கும். ஆனால் முதல் வரிகளைக் கவனியுங்கள். கவிதை பனியில் தொடங்கவில்லை, உடைமையில் தொடங்குகிறது. இந்தக் காடு யாருடையது என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது, அவருடைய வீடு ஊருக்குள் இருக்கிறது, நான் இங்கே நிற்பதை அவர் பார்க்கப்போவதில்லை என்கிறார் பயணி. ஆகவே இது யாருக்கும் சொந்தமில்லாத பெருவனம் அன்று. பத்திரம் வைத்திருப்பவர் ஊரில் குளிர்காய்ந்துகொண்டிருக்க, பத்திரமில்லாத ஒருவர் காட்டைக் கண்ணால் அனுபவிக்கிறார். அந்தச் சிறிய திருட்டுத்தனத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கடைசியில் வரும் கடமையின் கனமும் புரியாது.

பயணி நிற்கும் இடம் இன்னும் முக்கியமானது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் உறைந்த ஏரி. அவர் காட்டுக்குள் இல்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காவியம் தொடங்கும்போது பேசுபவர் ஏற்கெனவே இருண்ட காட்டுக்குள் வழி தவறிக் கிடக்கிறார். இவரோ விளிம்பில் நிற்கிறார். குதிரைக்கு இது புரியவில்லை. பண்ணை வீடு எதுவும் அருகில் இல்லையே, எதற்கு நிற்கிறோம் என்பதுபோல அது சேணத்து மணிகளை ஒருமுறை குலுக்குகிறது. அந்த ஒலியை அடுத்து மெல்லிய காற்றும் பனித்துகள் விழும் ஓசையும் மட்டுமே கேட்கின்றன. பனி விழும் ஓசை எவருக்கும் கேட்கக்கூடியதா என்ன? மணி ஒலித்து அடங்கியதனால்தான் அது கேட்கிறது. மணி பயணியை வழிக்கு அழைக்கிறது; அதே மணி காட்டின் அமைதியையும் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த இரட்டை வேலையை என் பென்சில் குறிப்பால் சொல்லவே முடியாது. மரணம் என்ற விளக்கத்தை ஃப்ராஸ்ட்டும் மறுத்தார். அவர் மறுத்தார் என்பதற்காக நாமும் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய எண்ணம்.

இப்போது ஒரு காற்புள்ளியைப் பற்றிச் சற்று நீளமாகப் பேசப்போகிறேன். கடைசிப் பத்தியின் முதல் வரி காட்டைப் பற்றி மூன்று சொற்களைச் சொல்கிறது: அழகு, இருள், ஆழம். ஃப்ராஸ்ட் அழகுக்குப் பின் மட்டும் காற்புள்ளி இட்டிருந்தார். அவர் மறைந்த பிறகு, 1969இல் வெளிவந்த தொகுப்பில் பதிப்பாசிரியர் இருளுக்குப் பின்னும் ஒன்றைச் சேர்த்தார். சேர்த்ததும் மூன்றும் சம எடை கொண்ட பண்புகளாகிவிட்டன. மூல வரியிலோ, காடு அழகாயிருக்கிறது, ஏனெனில் அது இருண்டு ஆழ்ந்திருக்கிறது என்ற ஒலி உண்டு. தமிழாக்கம் செய்பவருக்கும் இதே சோதனை காத்திருக்கிறது. 'அழகும் இருளும் ஆழமும்' என்று எண்ணும்மையில் அடுக்கினால் நாம் அந்த 1969ஆம் ஆண்டுக் காற்புள்ளியைத்தான் மொழிபெயர்க்கிறோம். 'இனிய காடு, இருண்டு ஆழ்ந்தது' என்றால் ஃப்ராஸ்ட்டுக்கு ஓரளவு அருகில் வரலாம். அதிலும் எனக்கு முழு நிறைவில்லை.

இயைபு அமைப்பையும், அதாவது வரிகளின் இறுதி ஓசை ஒன்றும் முறையையும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று பத்திகளிலும் மூன்றாம் வரி மட்டும் இயையாமல் தனித்து நிற்கும். அதன் ஓசையே அடுத்த பத்தியின் இயைபாகிவிடும். அந்தாதி படித்தவர்களுக்கு இந்தச் சங்கிலி அந்நியமாகத் தோன்றாது. கடைசிப் பத்தியில் நான்கு வரிகளும் இயைந்துவிடுகின்றன, ஒரே வரி இருமுறை வருகிறது, சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது.

இனி அகநானூற்றின் நான்காம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது, முல்லைத்திணை. கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற தலைவன் வருகிறான் என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். முல்லை அரும்புகிறது, கொன்றை பிணி அவிழ்கிறது, இரும்பை முறுக்கியது போன்ற கொம்புடைய இரலைமான் பரல் நிறைந்த பள்ளங்களில் துள்ளுகிறது. இவ்வளவும் சொன்ன பிறகு தேர் வருகிறது:

பூத்த பொங்கர்த் துணையொடு வதிந்த
தாதுண் பறவை பேதுறல் அஞ்சி
மணிநா ஆர்த்த மாண்வினைத் தேரன்
உவக்காண் தோன்றும்

பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தலைவன் இளகிய மனத்தினன் என்று உரை சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் நான் 'துணையொடு' என்ற சொல்லில் நிற்கிறேன். பிரிந்திருப்பது எப்படியிருக்கும் என்று அறிந்தவனுக்குத்தான் இரண்டு வண்டுகள் சேர்ந்திருப்பது கண்ணில் படும். அடுத்து ஒன்று. மணி ஒலித்திருந்தால் அவன் வருவதைத் தலைவி தன் காதாலேயே அறிந்திருப்பாள். நா கட்டப்பட்டிருப்பதால் ஒலி முந்தி வரவில்லை. ஆகவேதான் தோழி 'உவக்காண்', அதோ பார், என்று கண்ணைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வண்டுகளுக்குக் காட்டிய இரக்கம் தலைவியை இன்னும் சில நொடிகள் காக்க வைத்திருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் அந்தச் சொல் அங்கே சும்மா நிற்கவில்லை என்று நம்புகிறேன்.

'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்' என்கிறது தொல்காப்பியம். தெய்வம் நீங்கலாக, ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களே உள்ளுறை என்னும் மறைபொருளுக்கு நிலம். மரம், விலங்கு, பறவை என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் மேல்தான் மறைபொருள் நிற்க வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஃப்ராஸ்ட்டின் குதிரைமணிக்கும் இந்த விதியை வைத்துப் பார்க்கலாம், பழுதில்லாமல் பொருந்துகிறது.

காடு சொல்வதை மறுப்பவர்களும் நம் கவிதைகளில் உண்டு. குறுந்தொகை இருபத்தொன்றாம் பாட்டில், ஓதலாந்தையாரின் தலைவி, பொன்னணி சூடிய மகளிர் கூந்தல்போல் கொன்றை பூத்த கானத்தைப் பார்த்து, இது கார்காலம் என்று கானமே கூறினாலும் 'யானோ தேறேன் அவர் பொய்வழங் கலரே' என்கிறாள். பருவம் வந்துவிட்டது, அவர் வரவில்லை. இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார். அவள் காட்டைப் பொய்யாக்கிவிடுகிறாள். அந்தக் கூந்தல் உவமையை மறுபடி பாருங்கள். காடு துணைக்காக அலங்கரித்து நிற்கும் பெண்ணாகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருப்பவளுக்கோ துணை இல்லை. அவள் காட்டை நம்ப மறுப்பதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

மணிக்குத் திரும்புகிறேன். 'ஆர்த்தல்' என்ற சொல்லுக்கு ஒலித்தல், கட்டுதல் என்று இரு பொருளும் உண்டு. மருதனார் பாட்டில் அது இருமுறை வருகிறது. ஒன்பதாம் வரியில் 'நரம்பார்த் தன்ன' என்று கடிவாள வாரைச் சொல்லுமிடத்தில், யாழ் நரம்பு ஒலித்ததுபோல என்றும் நரம்பைக் கட்டியதுபோல என்றும் கொள்ள இடமிருக்கிறது. மூன்று வரி தள்ளி 'மணிநா ஆர்த்த' என்னுமிடத்தில் கட்டுதல் ஒன்றே பொருந்தும். மணி அடங்கியிருக்கிறது, வார் ஒலிக்கிறது, தேர் விரைகிறது, இன்னாள் என்று பாட்டே சுட்டும் ஒருத்தியை நோக்கி. ஃப்ராஸ்ட்டின் பயணி யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. தூங்குமுன் போக வேண்டிய தொலைவு அதிகம் என்று இருமுறை சொல்கிறார். மணி ஒருமுறைதான் ஒலித்தது. அதற்குப் பிறகு குதிரை ஓர் அடி எடுத்து வைத்ததாகக் கவிதையில் ஒரு சொல்லும் இல்லை.