மாதிரி ரயிலில் கண் எங்கே நிற்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மாதிரி ரயில் ஓட்டும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அடுத்து எந்த என்ஜின் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், இருக்கிற நாலு பெட்டியையும் அவை நிற்கிற தண்டவாளத்தையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள் என்பேன். சிலருக்குக் கோபம்கூட வரும். பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பார்க்கிறவர்கள் "பொம்மை ரயில் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் 'பொம்மை' என்ற சொல்லை எப்படி எடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது புரியாது. உலகில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ அளவு. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. பெரம்பூர் ஐசிஎஃப் ஆலையில் செய்த நம் பழைய வகை ரயில் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்கு மேல். ஹெச்ஓவில் அது இருபத்து நாலரை சென்டிமீட்டர். அகலம் 37 மில்லிமீட்டர். இதுவரை கணக்கு சரியாக வருகிறது. சிக்கல் அந்தப் பெட்டி நிற்கும் தண்டவாளத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஓடும் பாதை. நம் அகலப்பாதையோ 1676. அதற்குச் சரியாக வர வேண்டுமானால் 19.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அப்படிக் கிடைக்காது, கையால் ஒவ்வொரு குறுக்குக் கட்டையாக அடுக்கித்தான் செய்ய வேண்டும். ஆக, ஹெச்ஓவில் ஓடும் இந்திய ரயில் அநேகமாக எல்லாமே கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் ஒடுக்கமான பாதையில்தான் நிற்கிறது.

இதைக் கேட்டதும் மனம் தளர வேண்டாம். இதே தலைவலி இங்கிலாந்துக்காரர்களுக்கும் உண்டு. அங்கே ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடச் சிறியவை. 1930-களில் கிடைத்த மின்மோட்டார், 87-இல் ஒரு பங்காகச் செய்த பிரிட்டிஷ் என்ஜினுக்குள் நுழையவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தண்டவாளத்தை 16.5 என்றே வைத்துக்கொண்டு, மேலே உள்ள உடம்பை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வரிசை இந்தக் கணக்கில் வந்ததுதான். பெரிய உடம்பு, ஒடுங்கிய கால். பொறுக்க முடியாத சிலர் 18.2, 18.83 என்று தங்களுக்கென்று தனி அகலம் வகுத்துக்கொண்டு பிரிந்து போனார்கள். மற்றவர்கள் இன்றுவரை அந்தப் பொருந்தாத அகலத்திலேயே ஓட்டுகிறார்கள். அவர்கள் செய்த எத்தனையோ அருமையான லேஅவுட்டுகளை, அதாவது பலகையில் அமைத்த மாதிரி ரயில் பாதைகளைப் பார்த்து யாரும் 'பாதை ஒடுக்கமாக இருக்கிறது' என்று குறை சொல்வதில்லை.

காரணம் எளிது. ரயிலை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்போது தெரிவதே இல்லை. கண் போய் நிற்கும் இடங்கள் வேறு. பிளாஸ்டிக்கின் பளபளப்பு, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே தெரியும் ஓட்டை, வெள்ளி மின்னும் தண்டவாளம், அளவுக்கு மீறிப் பருத்த ஜன்னல் கம்பி, இவைதான். மூன்று மில்லிமீட்டரைத் திருத்த ஒரு வருடம் செலவழிப்பதைவிட, இவற்றை ஒரு மாதத்தில் திருத்துவது மேல் என்பது என் கட்சி. வேறு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கீழே இருந்து தொடங்குவோம். தண்டவாளத்தின் மேல்பரப்பு மட்டும்தான் மின்ன வேண்டும். சக்கரம் தேய்ப்பதால் அது மின்னுகிறது. பக்கங்கள் துருப்பிடித்த பழுப்பு. ஒரு மெல்லிய தூரிகையும், பழுப்பில் கொஞ்சம் கறுப்புக் கலந்த அக்ரிலிக் வண்ணமும் போதும். பூசிய கையோடு மேல்பரப்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் என்ஜினுக்கு மின்சாரம் போகாது. இந்த ஒரு வேலையே லேஅவுட்டின் முகத்தை மாற்றிவிடும்.

அடுத்தது ஜல்லி. நம் ரயில்வே பாதையில் கொட்டும் கருங்கல் ஜல்லியில் பெரிய கல் 65 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். அதுதான் பெரிய கல், மற்றதெல்லாம் அதற்கும் கீழே. கடையில் 'ஹெச்ஓ ஜல்லி' என்று விற்கும் பாக்கெட்டுகளில் பல இதைவிடப் பருமனானவை. பாதையில் பாறாங்கல் கொட்டியதுபோல் ஆகிவிடும். நம் ஊரில் இதற்கு வெளிநாட்டுப் பாக்கெட்டே தேவையில்லை. வீடு கட்டும் இடத்தில் எம்-சாண்ட் கிடைக்கிறது, அது கருங்கல்லை உடைத்ததுதான், நிறமும் சரியாக இருக்கும். டீ வடிகட்டியில் சலித்து, கழுவி, காயவைத்து, பிறகு மறக்காமல் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் பல முறை ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அது உள்ளே போனால் என்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், அப்புறம் மோட்டார் கெடுவதற்கு அதிக நாள் ஆகாது.

ஜல்லியைக் கட்டைகளுக்கு நடுவில் தூவி, தூரிகையால் தள்ளிச் சமன் செய்யுங்கள். ஜல்லி கட்டையின் மேல் ஏறி நிற்கக் கூடாது. பிறகு தண்ணீர் நிறைந்த ஸ்ப்ரேயால் மெல்ல நனைக்க வேண்டும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பசைத்துளி உருண்டையாக நின்று ஜல்லியைக் குழி பறித்துவிடும். கடைசியாக, ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டு சொட்டாக விடுங்கள். பாதை பிரியும் இடத்தில் அசையும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் பசையே போகக் கூடாது. அங்கே தூவுவதையே குறைத்துக்கொள்வது நல்லது.

வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வாங்கும் ஐரோப்பிய ஸ்டார்டர் செட்டோடு வரும் வளைவின் ஆரம் பெரும்பாலும் சுமார் 36 சென்டிமீட்டர். நம் அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர், மாதிரியில் அது இரண்டு மீட்டர். எந்த வீட்டில் இடம் இருக்கிறது? ஆகவே வளைவை மறைத்துவிடுங்கள். ஒரு மேம்பாலம், மரக்கூட்டம், சுரங்கப்பாதை, சரக்குக் கிடங்கின் சுவர், எதுவானாலும் சரி. கண்ணுக்கு முன்னால் நேர்ப்பாதையும் மிக இளகிய வளைவும் மட்டும் வரட்டும்.

மின்சார வேலையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டை நம்பாதீர்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயரைப் பற்றவையுங்கள். தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அதிலேயே அழுக்கு மறுபடி சேரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் துணியும் போதும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் சாதாரண பிளைவுட் வேண்டாம், தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் வாங்குங்கள். ஒரு மழைக்காலத்தில் பலகை வளைந்தால் தண்டவாளமும் சேர்ந்து வளையும்.

இப்போது பெட்டிகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் ஒரு காலத்தை முடிவு செய்யுங்கள். செங்கல் சிவப்புப் பெட்டிகளின் காலமா, பிறகு வந்த நீலமா, ஜெர்மன் வடிவமைப்பில் வந்த இன்றைய எல்எச்பி பெட்டிகளின் சிவப்பா? வழக்கமான ஓட்டத்தில் நீராவி என்ஜின் நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும் காட்சி, தெரிந்தவர் கண்ணை உறுத்தும். ஐசிஎஃப் ஆலை 1955-இல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு தொடங்கியது. அந்த வகைப் பெட்டி 2018 ஜனவரி வரை அங்கே உருவானது. அறுபது ஆண்டுக்கு மேல் என்பதால் நிறங்களும் கூரைகளும் பல முறை மாறியிருக்கின்றன. பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மாதிரிப் பெட்டிகளில் பெரிய குறை ஜன்னல் கம்பி. இரண்டாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் குறுக்காகப் போகும் நிஜக் கம்பி விரல் தடிமன் இருந்தால் அதிகம். 87-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. வார்ப்பில் வந்த பிளாஸ்டிக் கம்பியோ தடித்து நிற்கும். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். மின்வயரின் உறையை உரித்தால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை இடுக்கியால் மெல்ல இழுத்தால் நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும். அதுதான் கம்பி. ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூவை எடுக்காதீர்கள். அதன் ஆவி கண்ணாடிக்குப் பதிலாக வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு அது எளிதில் போகாது. வெள்ளைப் பசைதான் பாதுகாப்பு. காய்ந்தால் தெரியாது.

பெட்டிக்குள்ளே ஒரே நிறப் பிளாஸ்டிக்காக விட்டிருப்பார்கள். மூடியைக் கழற்றி, பெர்த்துக்கு ரெக்சின் நிறமும் தடுப்புச் சுவருக்கு வெளிறிய நிறமும் பூசினால் போதும். ஆட்களைக் கொஞ்சம்தான் உட்கார வையுங்கள், அதுவும் ஜன்னலோரம். உள்ளே நடுவில் இருப்பவரை யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்து, பெட்டிகளுக்கு நடுவில் உள்ள ஓட்டை. நிஜத்தில் இரண்டு பெட்டியின் துருத்தி போன்ற இணைப்பு ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். மாதிரியில் சாதாரண கொக்கி மாட்டினால் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஐரோப்பிய மாதிரிகளில் கொக்கியைச் செருகுவதற்கு ஒரே அளவான பை இருக்கிறது, அதில் நெருக்கமாகச் சேர்க்கும் கொக்கியை மாற்றலாம். நேர்ப்பாதையில் நெருங்கியும் வளைவில் விலகியும் கொடுக்கும் நல்ல அமைப்புகள் உண்டு. கறுப்புக் காகிதத்தை விசிறி மடிப்பு மடித்து ஒரு பெட்டியின் முனையில் மட்டும் ஒட்டினால் துருத்தியும் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒட்டினால் வளைவில் ஒன்றையொன்று தள்ளிப் பெட்டி தடம் புரளும்.

சக்கரம் பிளாஸ்டிக் என்றால் உலோகத்துக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைத் தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டே ஓடும். எடையும் முக்கியம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஹெச்ஓ பெட்டிக்கு ஓர் அவுன்ஸோடு, நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்க வேண்டும். நம் ஐசிஎஃப் பெட்டிக்குக் கணக்கிட்டால் 165 கிராம் சுமார். குறைந்தால் பெட்டியின் அடிப்பகுதியில் இரண்டு போகிக்கும், அதாவது சக்கரத் தொகுதிக்கும் மேலே ஸ்டீல் நட்டுகளை ஒட்டுங்கள். எடை கீழே இருந்தால்தான் பெட்டி ஆடாது.

கடைசியாக அழுக்கு. பளபளப்பை ஒழிக்க முதலில் மேட் வார்னிஷ் ஒரு முறை. பிறகு அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பூச வேண்டும், மேலே இருந்து கீழே ஒரே மாதிரி பூசுவது பார்த்தால் போலி என்று தெரிந்துவிடும். பிரேக் கட்டை சக்கரத்தில் தேய்வதால் எழும் இரும்புத் தூசி பெட்டியின் அடிப்பாகத்தைப் பழுப்பாக்குகிறது. கழிவறைக்குக் கீழே துரு ஓடியிருக்கும். மழைத்தண்ணீர் கூரையிலிருந்து ஜன்னல்களுக்கு நடுவில் கோடுகளாக இறங்கியிருக்கும். வாசல்படிக்குக் கீழே வெற்றிலைச் சாறு. அதையும் செய்யுங்கள், அது இல்லாத இரண்டாம் வகுப்பு ஏது? தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஒரு தடவை பூசி, பஞ்சு சுற்றிய குச்சியால் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தால் கோடுகள் தானாக வரும். தூசிக்குச் சாக்பீஸைக் கத்தியால் சுரண்டிய தூள்.

ஒரு நுட்பம் மட்டும் சொல்கிறேன். நம் பெட்டிகள் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பராமரிப்புக்குப் பணிமனைக்குப் போகும். பெரம்பூர், பொன்மலை போன்ற இடங்கள். திரும்பும்போது பெட்டியின் முனைச் சுவரில் பணிமனையின் குறியீடும் தேதியும் எழுதியிருப்பார்கள். ஒரு ரயிலில் பத்துப் பெட்டியும் ஒரே நாளில் பராமரிப்புக்குப் போவதில்லை. ஆகவே ஒன்று புதுப் பெயிண்டோடு இருக்கட்டும், இன்னொன்று வெளிறி இருக்கட்டும், பக்கத்துப் பெட்டியில் துரு ஏறியிருக்கட்டும். எழுதும் தேதியும் அந்த அழுக்கோடு பொருந்தட்டும். போன மாதத் தேதி எழுதிய பெட்டியில் துரு ஒழுகினால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒருவர் அநேகமாக ரயில்வேயில் வேலை செய்தவராக இருப்பார்.

கூரை எப்படி அழுக்காகிறது என்று தெரிய வேண்டுமானால், ஏதாவது பெரிய நிலையத்தின் நடைமேம்பாலத்தில் கால் மணி நேரம் நின்று கீழே பாருங்கள். மாதிரி ரயிலில் பக்கவாட்டோடு கூரையும் நம் கண்ணில் படும், ஆனால் நிஜ ரயிலின் கூரையை அப்படி உயரமான இடத்திலிருந்துதான் பார்க்க முடியும். வணக்கம்.