எருமைக் கணக்கும் 10 பைசாவும்

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது அங்கங்கே சீர் செய்திருக்கிறேன். எருமையை மட்டும் தொடவில்லை.)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே! இந்த அம்மா கூட்டத்தையும் தானே நடத்துகிறார், கையெழுத்தையும் தானே போடுகிறார். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புரியும். அவர் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார். அவருக்கும் ஒரு வணக்கம், அந்த வரிசையில் உட்கார்ந்ததற்காக.

துணைத் தலைவர் அவர்களே, 15 வார்டு உறுப்பினர்களில் வந்திருக்கும் 6 பேரே! வராத 9 பேரையும் வந்ததாகவே பாவித்து வணங்குகிறேன். மினிட் புத்தகத்தில் அப்படி எழுதினால் வேலை போய்விடும், மேடையில் சொல்லலாம். செயல் அலுவலர் அவர்களே, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளியிலிருந்து பெஞ்சு தந்து உதவிய தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையில் எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா உட்கார்ந்திருக்கிறார். அவர் இருப்பதால் இன்றைக்கு எண்களை ஜாக்கிரதையாகத்தான் சொல்லவேண்டும். எனக்குப் பொன்னாடை போர்த்திய அரிமா சங்க நண்பர்களுக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பீரோவில் பொன்னாடைக்கு இடமில்லை.

‘பேரூராட்சி மன்றத்தின் அன்றாட வேலைகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 34 வருஷம் பேரூராட்சிகளில் எழுத்து வேலை பார்த்தவனுக்கு இதைவிடச் சுகமான தலைப்பு கிடையாது. தண்ணீர், விளக்கு, குப்பை, வரி, கூட்டம் என்று ஐந்தாகப் பிரித்துப் பேசப் போகிறேன்.

முதலில் தண்ணீர். காலையில் நாம் பல் துலக்குவதற்கு முன்னால் ஒருவர் மேல்நிலைத் தொட்டி ஏணியில் ஏறி இறங்கியிருப்பார். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். ஐயா தலையாட்டுகிறார், கணக்கு சரி. அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கவேண்டும். தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சின்னக் குப்பியில் சோதனைச் சொட்டு மருந்து விட்டால் இளமஞ்சளாக மாறும். மாறாவிட்டால் தொட்டியில் ஊற்றிய பிளீச்சிங் மருந்து கடைசிக் குழாய் வரை வரவில்லை என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு பழைய ஆபரேட்டர் கையளவில் அள்ளிப் போடுவார். கூடிப்போன நாளில் ஊரே மூக்கைப் பொத்தும். குறைந்துபோன நாளுக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வரிசை நிற்கும். என் அம்மா சொல்வாள்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இந்தப் பழமொழியை இன்றைக்கு நான் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விளக்கு. எரியாத விளக்குக்குப் புகார் வருகிறது. பட்டப்பகலில் எரிகிற விளக்குக்கு ஒருத்தரும் புகார் சொல்வதில்லை. மின்கட்டணம் நம் வரிப்பணம். விளக்குக்கு இது போதும்.

குப்பையைக் கடைசியில் சொல்கிறேன், அது நீளம். கூட்டத்தை முன்னால் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் எருமைக் கதை அதில்தான் இருக்கிறது. மூன்று தடவை கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். வேறொரு ஊர், பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் பேரூராட்சிக்குச் சொந்தமாக மாட்டுப் பவுண்டு உண்டு. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்கள். சொந்தக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் ஓர் எருமையைப் பிடித்து அடைத்தார்கள். ஒருத்தரும் தேடி வரவில்லை. தண்டோரா போட்டாயிற்று, நோட்டீஸ் ஒட்டியாயிற்று. சரி, ஏலம் விட்டுவிடலாம் என்றால் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். மன்றம் கூடியது. கோரம் இல்லை, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான அளவு உறுப்பினர்கள் வரவில்லை, ஒத்திவைப்பு. அடுத்த மாதம் கூடியது. பேருந்து நிலையக் கடை ஏலத்தில் சண்டை வந்து பாதிப்பேர் வெளிநடப்பு. எருமை விஷயம் 11ஆவது பொருள், அதுவரை யாரும் உட்காரவில்லை. எருமை பவுண்டிலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அலுவலகத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் எருமை கன்று போட்டுவிட்டது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்ட அஜெண்டாவில் ‘எருமை ஒன்றினை ஏலம் விட மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது’ என்று இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்தார். “கன்றுக்குத் தனித் தீர்மானம் வேண்டும். கன்றைப் பற்றி அஜெண்டாவில் ஒரு வார்த்தை இல்லை.” இன்னொருவர், “தாய்க்குப் போட்ட தீர்மானம் பிள்ளைக்கும் செல்லும்” என்றார். முக்கால் மணி நேரம் நடந்தது. அன்றைக்குக் குடிதண்ணீர் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். கடைசியில் ‘எருமை மற்றும் அதனைச் சார்ந்தவை’ என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். என் எழுத்து வாழ்க்கையில் ஏகமனதாக நிறைவேறிய முதல் வரி அது.

ஏலம் முடிந்தது. தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. பதிவேட்டைப் பார்த்தார். “இருப்பு ஒன்று. விற்பனை இரண்டு உருப்படி. எப்படி?” நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கன்று போட்டால் பால் கறந்திருக்குமே. பால் கணக்கு எங்கே?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பவுண்டுக் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போய்த் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஐந்தாவது வரை படித்தவர். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, கையில் 40 பக்க நோட்டு. நோட்டை விரித்தால், ‘காலை 6 உழக்கு. மாலை 3 உழக்கு. பால்வாடிக்கு 4. கன்றுக்கு விட்டது. டீக்கடைக்கு 5. புண்ணாக்கு வாங்கியது. தவிடு வாங்கியது.’ ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. ஒரு பக்கத்தில் ‘இன்று எருமை உதைத்துச் சிந்தியது 2 உழக்கு’ என்றுகூட இருந்தது! செலவு போக மீதி 11 ரூபாய் 40 காசு. சுருக்குப்பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார்.

தணிக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “யாரம்மா உங்களை எழுதச் சொன்னது?” என்று கேட்டார். “ஊர் மாட்டுப் பாலுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?” 11 ரூபாய் 40 காசுக்கு ‘இதர வருவாய்’ என்று நான் ரசீது போட்டேன். அந்த அம்மாவுக்கு என் அம்மாவின் பழமொழி தெரியுமோ என்னவோ. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

உத்திரமேரூரைச் சொல்லாமல் உள்ளாட்சி மேடை கிடையாது என்பதால் நானும் சொல்லிவிடுகிறேன். பராந்தக சோழன் காலம், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. குடவோலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு வரி. வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்கள் பெயரையும் இடக்கூடாது. இந்த விதி இன்றைக்கு இருந்தால்... வேண்டாம், மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்கு அடுத்த மன்றம் 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவுக்குப் பிறகுதான் வந்தது. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. வேலை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் எருமைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போட ஆள் இல்லை. நம் வார்டு உறுப்பினர்கள் சண்டை போடுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் அந்த ஐந்தரை வருஷத்தை நினைத்துப் பாருங்கள்.

வரிக்கு வருகிறேன். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதை விடாதீர்கள். இப்போது உங்கள் வரி ரசீதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எத்தனை பேர் அதை முழுக்கப் படித்திருக்கிறீர்கள்? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி நம்மிடமிருந்து போகிறது. புத்தகமே தொடாதவரும் கட்டுகிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் கட்டுகிறார்கள். பேரூராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் போன்றவர்கள் மன்றாடியதால் 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. அவர் காலத்தில்தான், 1931இல், நம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இன்றைக்கு என் பேச்சு முழுக்கக் கால்நடையாகவே போகிறது.

அப்படிப்பட்ட வட்டாரத்தில் நம் கிளை நூலகம் எப்படி இருக்கிறது? ஓட்டுக் கட்டடம், மழை வந்தால் மூன்று இடத்தில் வாளி. நூலகர் அலமாரியை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் சோழர் வரலாறு சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் 20 பேர், நாற்காலி 8. மிச்சப்பேர் வாசல் திண்ணையில். போன ஐப்பசியில் நான் போனபோது ஒரு பெண் பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. வெளியே இல்லை, உள்ளே.

நூலகம் எங்கள் துறை இல்லை, அது ஆணைக்குழுவின் பொறுப்பு என்று செயல் அலுவலர் சொல்வார். சரிதான், நானும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் கையில் இரண்டு விஷயம் இருக்கிறது. பேரூராட்சி அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போனபிறகு பழைய அலுவலகம் சும்மா கிடக்கிறது. உள்ளே பியூஸ் போன டியூப்லைட்டும் சக்கரம் கழன்ற பேட்டரி வண்டியும்தான் குடியிருக்கின்றன. கூரை ஒழுகாது, நான் 9 வருஷம் அதன் கீழே உட்கார்ந்தவன். அதை நூலகத்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று மன்றம் ஒரு தீர்மானம் போடட்டும். அதோடு முடியாது, மேலே பல கையெழுத்து வேண்டும், தெரியும். முதல் காகிதம் இங்கிருந்துதான் போகவேண்டும்.

இரண்டாவது, அரையாண்டுக்கு ஒரு முறை இவ்வளவு நூலக வரி வசூல், இவ்வளவு அனுப்பினோம், இவ்வளவு பாக்கி என்று மூன்றே வரி, அலுவலக வாசல் பலகையில் எழுதட்டும். யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உழக்குக் கணக்கு எழுதிய அந்த அம்மாவை யாரும் சந்தேகப்படவில்லை, அவராகவே எழுதினார். ஆற்றிலே போட்டாலும்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. குப்பையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் கூப்பிட்டால் பேசுகிறேன். ஒரு மனு இப்போது வரிசை வரிசையாக வரும். பேனா வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். தலைவர் அம்மா கையெழுத்துப் போடவேண்டாம், மனுவே அவருக்குத்தான். அவர் வீட்டுக்காரர் போடலாம், அவரும் ஒரு வரிதாரர். வார்டு எண்ணையும் எழுதுங்கள். கையெழுத்துகளை எண்ணி, எத்தனை என்று மேலே எழுதிய பிறகுதான் மனுவைக் கொடுக்கப் போகிறோம். எண்ணுகிற வேலையை ஐயாவிடம் விட்டிருக்கிறேன்.

வணக்கம்.