லினக்ஸ் சர்வரில் கோஹா: நூலக மென்பொருளை நிறுவும் முழு வழி

(திரை: காலியான டெர்மினல். மூலையில் "கோஹா – திறமூல நூலக மேலாண்மை மென்பொருள்" என்ற எழுத்து.)

வணக்கம். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியல், உறுப்பினர் பதிவு, இரவல் கணக்கு, நிலுவை நினைவூட்டல் என அனைத்தையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் கோஹா. அதை லினக்ஸ் சர்வரில் நிறுவுவதை இந்த வீடியோவில் தொடக்கம் முதல் பார்க்கப் போகிறோம்.

கட்டளைகள் பத்துப் பதினைந்துதான். ஒரு முற்பகலில் முடிந்துவிடும். ஆனால் நடுநடுவே கோஹா சில கேள்விகள் கேட்கும். அவற்றில் இரண்டு மூன்று, பின்னால் மாற்றவே முடியாதவை அல்லது மாற்றுவதற்கு மிகுந்த பாடு தேவைப்படுபவை. ஆகவே கட்டளைகளைக் கடகடவென்று கடந்துவிட்டு, அந்த இடங்களில் மட்டும் நின்று நிதானமாகப் பேசுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை பயன்படுத்திவந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை 1999இல் வந்தது. விலை கொடுத்துப் புதியது வாங்குவதற்குப் பதிலாக, கட்டிபோ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு தங்களுக்கென்றே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். 2000 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. பிறகு அதை ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சிறிய ஊர்களுக்கான நூலகங்கள் எடுத்த அந்த முடிவால்தான், உரிமக் கட்டணம் எதுவும் இல்லாமல் இன்று நாம் இதை நிறுவ முடிகிறது. அந்த அறக்கட்டளைக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

(திரை: சர்வரின் விவரங்கள்.)

கோஹா, டெபியன் என்ற லினக்ஸ் வகையை மையமாக வைத்து உருவாக்கப்படுவது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலும் நன்றாக ஓடும். வேறு லினக்ஸ் வகைகளில் மூல நிரலிலிருந்து நிறுவ முடியும் என்றாலும், அந்த வழியில் போகாதீர்கள். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இந்த மென்பொருளுக்குத் துணைத் தொகுப்புகள் ஏராளம். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தும் பாட்டை டெபியன் தொகுப்பு நமக்காக ஏற்றுக்கொள்கிறது. நினைவகம் 4 ஜிபி இருந்தால் சிறிய நூலகத்துக்கு நிம்மதி. வேறு எந்த வேலைக்கும் பயன்படாத புதிய சர்வராக இருப்பது நல்லது. ஏற்கெனவே நான்கு வலைத்தளங்கள் ஓடும் இயந்திரத்தில் கோஹாவையும் ஏற்றினால், வலைப்பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருளின் அமைப்புகள் ஒன்றோடொன்று மோதும்.

(திரை: கோஹா களஞ்சியத்தைச் சேர்க்கும் வரி. "ஸ்டேபிள்" என்ற சொல் வட்டமிடப்படுகிறது.)

கோஹாவின் தொகுப்புகள் அதன் சமூகத்துக்குச் சொந்தமான தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. முதலில் அந்தக் களஞ்சியத்தின் ஜிபிஜி சாவியை, அதாவது தொகுப்புகள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் சாவியை, இறக்கி வைத்துக்கொள்கிறோம். பிறகு டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் மூலப்பட்டியலில் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்க்கிறோம்.

நாம் நிற்க வேண்டிய முதல் இடம் இந்த வரிதான். இதில் பதிப்பைக் குறிக்கும் இடத்தில் "ஸ்டேபிள்" என்று எழுதலாம். குறிப்பிட்ட பதிப்பின் எண்ணையும் எழுதலாம். கோஹாவின் பெரிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வருகிறது. அதனால்தான் பதிப்பு எண்கள் 05 என்றோ 11 என்றோ முடிகின்றன. "ஸ்டேபிள்" என்று எழுதிவிட்டால், அந்தச் சொல் அடுத்த பெரிய பதிப்பைச் சுட்டத் தொடங்கும் நாளில், நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஆப்ட் அப்கிரேடு உங்களைக் கேட்காமலே அந்தப் பதிப்புக்குக் கொண்டுபோய்விடும். தரவுத்தள அமைப்பும் கூடவே மாறிவிடும். மறுநாள் காலை இரவல் மேசையில் உட்காருபவர் அறிமுகமில்லாத திரையைப் பார்த்து நிற்பார். எண்ணை எழுதிவிட்டால் அந்தப் பதிப்புக்கான திருத்தங்கள் மட்டுமே வரும். பெரிய மாற்றத்துக்கு நீங்கள் நாள் குறிக்கலாம். எண்ணையே எழுதுங்கள்.

(திரை: கட்டளைகள் வரிசையாக ஓடுகின்றன.)

இனி வேகமாகப் போகலாம். ஆப்ட் அப்டேட். பிறகு தரவுத்தளத்துக்காக ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சர்வர். பிறகு ஆப்ட் இன்ஸ்டால் கோஹா-காமன். அப்பாச்சியும் நூற்றுக்கணக்கான பெர்ல் தொகுப்புகளும் இதோடு தாமாகவே வந்து சேரும். இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அது ஓடட்டும்.

முடிந்ததும் அப்பாச்சிக்கு இரண்டு கூறுகளை இயக்க வேண்டும்: ஏ-டூ-என்மாட் ரீரைட், ஏ-டூ-என்மாட் சிஜிஐ. பிறகு அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

(திரை: "கோஹா-சைட்ஸ் டாட் கான்ஃப்" கோப்பு திறக்கிறது.)

எட்சி கோப்புறைக்குள் கோஹா என்ற கோப்புறை உருவாகியிருக்கும். அதில் உள்ள கோஹா-சைட்ஸ் டாட் கான்ஃப் கோப்பைத் திறக்கிறோம். உங்கள் டொமைன் பெயர், வாசகர் தளத்துக்கான போர்ட், நூலகர் தளத்துக்கான போர்ட் ஆகியவை இங்கே இருக்கின்றன. கோஹாவுக்கு எப்போதும் இரண்டு வாசல்கள். வாசகர்கள் புத்தகம் தேடும் ஓபாக் ஒன்று. ஊழியர்கள் வேலை செய்யும் பக்கம் மற்றொன்று. தனி டொமைன் இல்லாமல் உள் வலையமைப்பில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், ஓபாக்குக்கு 80, ஊழியர் பக்கத்துக்கு 8080 என்று வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் அப்பாச்சியின் போர்ட்ஸ் டாட் கான்ஃப் கோப்பில் "லிசன் 8080" என்ற வரியைச் சேர்க்க மறக்கக் கூடாது. "ஓபாக் வருகிறது, ஊழியர் பக்கம் மட்டும் வரவில்லை" என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

(திரை: "கோஹா-கிரியேட்" கட்டளை.)

இப்போது நூலகத்தை உருவாக்கும் கட்டளை: கோஹா-கிரியேட், அதனுடன் கிரியேட்-டிபி என்ற விருப்பம், கடைசியில் நூலகத்துக்கு ஒரு சிறு பெயர். தரவுத்தளத்தின் பெயர், அமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறை, பதிவேடுகள், காப்புப் பிரதிகள் அனைத்தும் இந்தப் பெயரையே தாங்கியிருக்கும். ஆகவே சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், நிலைத்து நிற்கக்கூடிய பெயராக வையுங்கள். "டெஸ்ட்" என்று வைத்துவிட்டு அதிலேயே நிஜப் பதிவுகளை ஏற்றத் தொடங்கினால், பிறகு அந்தப் பெயரோடுதான் காலம் தள்ள வேண்டும். சோதித்துப் பார்க்க விரும்பினால் அதற்கென்று இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே சர்வரில் பல நூலகங்களை வைக்க கோஹா இடம் தருகிறது.

அடுத்து கோஹா-பாஸ்வேர்டு கட்டளை, அதாவது கோஹா-பாஸ்டபிள்யூடி. அது காட்டும் கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு, உலாவியில் ஊழியர் பக்கத்தைத் திறக்கிறோம். பயனர் பெயர், "கோஹா" என்ற சொல், ஓர் அடிக்கோடு, நூலகத்தின் சிறு பெயர்.

(திரை: உலாவியில் நிறுவல் பக்கம். மார்க் 21, யூனிமார்க் என்ற இரு தேர்வுகள்.)

வலைவழி நிறுவல் தொடங்குகிறது. மொழி, தரவுத்தள இணைப்பு ஆகியவற்றைக் கடந்து வந்தால், நாம் நிற்க வேண்டிய இரண்டாவது இடம்: மார்க் வடிவம்.

ஒரு புத்தகத்தின் விவரங்களை எந்த எண்ணுள்ள புலத்தில் எழுதுவது என்பதை மார்க் வடிவம் தீர்மானிக்கிறது. மார்க் 21இல் தலைப்பு 245ஆம் புலத்தில் இருக்கும். யூனிமார்க்கில் 200ஆம் புலத்தில். இங்கே தேர்ந்தெடுத்ததைப் பொறுத்தே பட்டியலிடும் படிவங்களும் தேடல் அட்டவணையும் அமையும். ஆயிரம் புத்தகங்களை ஏற்றிய பிறகு மனம் மாறினால், ஒரு பொத்தானை அழுத்தி மாற்ற வழியில்லை. எந்த நூலகங்களிலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளப் போகிறீர்களோ, அவை எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் விடை மார்க் 21 ஆகத்தான் இருக்கும். இருந்தாலும் அது விசாரித்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

இதன்பின் வரும் பக்கங்கள் எளியவை. கிளை நூலகத்தின் பெயர், உறுப்பினர் வகை, நிர்வாகியின் கணக்கு, பொருள் வகை, இரவல் விதி எனக் கேட்டுக்கொண்டே போகும். இந்த நிர்வாகிக் கணக்கு உருவானதும் அதைக் கொண்டே உள்ளே வாருங்கள். நிறுவலுக்குப் பயன்படுத்திய தரவுத்தளக் கணக்கை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

(திரை: தேடல் பெட்டியில் "கல்வி" என்று தட்டப்படுகிறது.)

இனி வருவது, தமிழ் நூல்கள் உள்ள எந்த நூலகமும் தவிர்க்கக் கூடாத பகுதி. நிறுவல் குறிப்புகள் பலவற்றில் இது ஓரமாகத் தள்ளப்பட்டிருப்பது எனக்கு வருத்தம்.

கோஹாவின் தேடலை நடத்துவது ஜீப்ரா என்ற தனி இயந்திரம். அது ஒவ்வொரு பதிவையும் சொற்களாகப் பிரித்து அட்டவணை போடுகிறது. எங்கே ஒரு சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அது ஓர் எழுத்து வரைபடக் கோப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. இயல்பாக வரும் வரைபடம் லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

"கல்வி" என்ற சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடில் ஐந்து குறிகள்: க, ல, புள்ளி, வ, இகரக் குறி. "கொடி" என்பதில் வரும் "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னொன்று பின்னொன்றாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. இந்த விதிகளை அறியாத வரைபடம் அட்டவணை போட்டால், தமிழ்ச் சொற்களுக்கான தேடல் முடிவுகளை நம்ப முடியாது. புத்தகம் அலமாரியில் இருக்கும், பதிவும் தரவுத்தளத்தில் இருக்கும், வாசகருக்கோ கிடைக்காது. பட்டியலிட்டவரின் உழைப்பு முழுவதும் வீணாகும் இடம் இது.

(திரை: "டிஃபால்ட் டாட் ஐடிஎக்ஸ்" கோப்பு.)

தீர்வு, ஐசியு. யூனிகோடு விதிகளை அறிந்த நிரல் தொகுப்பு அது. எட்சியில் கோஹாவுக்குள் ஜீப்ராடிபி, அதற்குள் இன்னோர் எட்சி, அங்கே டிஃபால்ட் டாட் ஐடிஎக்ஸ் என்ற கோப்பு. அதில் சொல் அட்டவணைக்குரிய பகுதியில் "சார்மேப்" என்று தொடங்கும் வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு, "ஐசியுசெயின்" என்று தொடங்கி சொற்களுக்கான ஐசியு கோப்பைச் சுட்டும் வரியை இடுகிறோம். கோப்பைச் சேமித்து, கோஹா-ஜீப்ரா கட்டளையால் ஜீப்ராவை மறுதொடக்கம் செய்து, கோஹா-ரீபில்டு-ஜீப்ரா கட்டளையை முழு அட்டவணைக்கான எஃப் விருப்பத்துடன் இயக்குகிறோம்.

இதைப் பதிவுகள் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பின்னாலும் செய்யலாம், ஆனால் பதிவுகள் பெருகப் பெருக மறு அட்டவணைக்கு எடுக்கும் நேரமும் கூடும். முடித்ததும் பத்துத் தமிழ் நூல்களைப் பதிந்து, தலைப்பின் நடுவில் உள்ள சொல், ஆசிரியரின் பெயர், மெய்யெழுத்தில் முடியும் சொல் என்று வகைவகையாகத் தேடிப் பாருங்கள். ஜீப்ராவுக்குப் பதிலாக எலாஸ்டிக்சர்ச்சைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. ஆனால் அது நினைவகத்தை நிறையக் கேட்கும். சிறு நூலகத்துக்கு ஜீப்ராவும் ஐசியுவும் போதும் என்பது என் கருத்து.

(திரை: பக்கம் திறக்கும் வேகம், முன்னும் பின்னும்.)

வேகத்துக்கு ஒரு சிறு வேலை. ஹெட்டர்ஸ், பிராக்ஸி-எச்டிடிபி என்ற இரண்டு அப்பாச்சிக் கூறுகளை இயக்கிவிட்டு, கோஹா-பிளாக் கட்டளையால் உங்கள் நூலகத்துக்கு, பெர்ல் நிரலை நினைவகத்தில் தயாராக வைத்திருக்கும் பிளாக்கை இயக்கித் தொடங்குங்கள். அதுவரை ஒவ்வொரு சொடுக்குக்கும் பெர்ல் நிரல் புதிதாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. இனி அது நினைவகத்திலேயே காத்திருக்கும். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

சர்வர் இணையத்தில் திறந்திருக்குமானால் எச்டிடிபிஎஸ் கட்டாயம். உறுப்பினர் என்னென்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அது வழியில் யாரும் படிக்கும்படி போகக் கூடாது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

(திரை: காப்புப் பிரதிகள் இருக்கும் கோப்புறை.)

காப்புப் பிரதியை கோஹாவின் தொகுப்பு தினமும் தானாகவே எடுக்கிறது. வார் கோப்புறையில் ஸ்பூல், அதற்குள் கோஹா, அதற்குள் உங்கள் நூலகத்தின் பெயர் என்று போனால் கிடைக்கும். தரவுத்தளத்துக்கு ஒரு கோப்பு, அமைப்புகளுக்கு ஒரு கோப்பு என இரட்டையாக இருக்கும். இயல்பமைப்பில் கடைசி இரண்டு நாள்களின் பிரதிகள் மட்டுமே தங்கும், அதுவும் அதே சர்வரில். வட்டு பழுதானால் பிரதியும் சேர்ந்தே போய்விடும். ஆகவே தினமும் அவற்றை வேறோர் இயந்திரத்துக்கு நகலெடுக்கும் கிரான் பணி (குறித்த நேரத்தில் தானே இயங்கும் பணி) ஒன்றை இன்றே எழுதுங்கள்.

பிறகு, அதே பதிப்பு கோஹா நிறுவிய இன்னோர் இயந்திரத்தில் கோஹா-ரீஸ்டோர் கட்டளைக்கு அந்த இரண்டு கோப்புகளையும் கொடுத்து மீட்டுப் பாருங்கள். தேடல் அட்டவணையை அங்கே மறுபடி போட்டு, நாலு புத்தகத்தைத் தேடி, ஓர் உறுப்பினரின் இரவல் கணக்கைத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியைக் காப்பு என்று நம்பியிருக்க வேண்டாம்.

(திரை: "கோஹா-ஈமெயில்-எனேபிள்" கட்டளை.)

கடைசியாக மின்னஞ்சல். நிறுவியவுடன் கோஹா யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாது; கோஹா-ஈமெயில்-எனேபிள் என்று சொன்னால்தான் அனுப்பத் தொடங்கும். சோதனைக்காக நீங்கள் கொடுத்து வாங்கிய இரவல்களின் அறிவிப்புகள் அதுவரை வரிசையில் காத்திருக்கலாம். இயக்கியவுடன் அவை அத்தனையும் ஒரே மூச்சில் உறுப்பினர்களின் பெட்டிக்குப் போய்ச் சேரும். இரவல் விதிகளைச் சரிபார்த்து, சோதனைப் பரிமாற்றங்களை நீக்கி, காத்திருக்கும் அறிவிப்புகளையும் அகற்றிய பின் இந்தக் கட்டளையைக் கொடுங்கள். முதலில் உங்கள் சொந்த முகவரியுள்ள உறுப்பினர் கணக்குக்கு ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்து, வரும் மின்னஞ்சலில் நூலகத்தின் பெயரும் திருப்பித் தரவேண்டிய நாளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் உறுப்பினர் பட்டியலை ஏற்றலாம்.