ஜூன் 15, இரவு ஒன்பதரை மணி

வணக்கம் நண்பர்களே. 2026 உலகக் கோப்பைக் கால்பந்து வருகிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். யார் கோப்பையைத் தூக்குவார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஸ்பெயினா, பிரான்ஸா, அர்ஜென்டினாவா என்று நீங்களே தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த முறை நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு 1990 ஜூன் 8-ஆம் தேதி இரவுக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி, சாலிடேர், கருப்பு வெள்ளை. ஒன்பதரை மணிக்கு மேட்ச். கூடத்தில் இடமில்லாமல் திண்ணை வரைக்கும் கூட்டம். அர்ஜென்டினாவும் கேமரூனும் மோதுகின்றன. வந்தவர்கள் எல்லோரும் மரடோனாவைப் பார்க்க வந்தவர்கள், கேமரூன் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாம் பாதியில் கேமரூனின் கானா பியிக்குக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்துப் பேர்தான் மீதி. சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஆறே நிமிடத்தில் ஓமாம் பியிக் என்பவர் எல்லோருக்கும் மேலே எம்பித் தலையால் முட்டினார், பந்து கோல்கீப்பரின் கைக்கு அடியில் நழுவி உள்ளே போய்விட்டது. வெளியே போனவர் அண்ணன், கோல் போட்டவர் தம்பி. கடைசியில் இன்னொருவரும் வெளியேற, ஒன்பது பேராக நின்று உலகச் சாம்பியனை ஜெயித்தார்கள். மரடோனாவுக்காக வந்த கூட்டம் முழுக்க எழுந்து நின்று கேமரூனுக்குக் கைதட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை உலகக் கோப்பை என்றால் எனக்கு முதலில் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகளில் நடக்கிறது, ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 16 நகரங்கள், 104 ஆட்டங்கள். முதல் ஆட்டம் மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானத்தில். 1970-இல் பெலேவும் 1986-இல் மரடோனாவும் கோப்பையைத் தூக்கிய அதே இடம், மூன்றாவது முறையாக உலகக் கோப்பையைப் பார்க்கப் போகிற ஒரே மைதானம். மெஸ்ஸி, ரொனால்டோ இருவருக்கும் உடம்பு ஒத்துழைத்தால் இது ஆறாவது உலகக் கோப்பை. அதையும் பார்க்கத்தான் போகிறேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் 32 அணிகள் என்பதை 48 ஆக்கியதில் பல ரசிகர்களுக்குக் கோபம். தரம் போய்விடும், ஒப்புக்கு ஆடும் ஆட்டங்கள் நிறைய வரும் என்கிறார்கள். சில ஆட்டங்கள் அப்படி இருக்கும்தான். 1974-இல் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஒன்பது கோல் வாங்கியது, 1982-இல் எல் சால்வடார் பத்து வாங்கியது. அதே 1982-ஐ இன்னொரு பக்கமும் பாருங்கள். அதுவரை 16 அணிகள்தான், ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே ஒரு இடம். அந்த ஆண்டு 24 ஆக்கினார்கள், ஆப்பிரிக்காவுக்கு இரண்டு இடம் கிடைத்தது, அல்ஜீரியாவும் கேமரூனும் வந்தன. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. கேமரூன் மூன்று ஆட்டங்களிலும் தோற்காமல், கடைசியில் கோப்பையை வென்ற இத்தாலியோடும் சமன் செய்துவிட்டு வீட்டுக்குப் போனது. அன்று கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறக்காமல் இருந்திருந்தால் 1990-இல் எங்கள் தெருவுக்கு அந்த இரவு கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அதனால் 48 என்ற எண் எனக்குப் பிடித்திருக்கிறது, மனதாரச் சொல்கிறேன்.

அந்தக் கதவு வழியாக இந்த முறை யார் வருகிறார்கள் பாருங்கள். உஸ்பெகிஸ்தான், ஜோர்டான், குராசோ, கேப் வெர்டே, நான்குக்கும் இதுதான் முதல் முறை. குராசோ கரீபியன் கடலில் ஒரு தீவு, மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கும்பகோணம் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலேயே மிகச் சிறிய நாடு. முதல் ஆட்டமே ஜெர்மனியோடு.

அப்புறம் ஹைத்தி. இவர்கள் புதியவர்கள் இல்லை, 1974-இல் ஒரு முறை வந்தார்கள். இத்தாலியின் கோல்கீப்பர் டீனோ ஜோஃப் சர்வதேச ஆட்டங்களில் 1,142 நிமிடம் ஒரு கோலும் வாங்காமல் நின்றிருந்தார், அந்தக் கணக்கை முடித்து வைத்தவர் ஹைத்தியின் சனோன். அதற்குப் பிறகு 52 ஆண்டு இடைவெளி. ஊரில் ஆயுதக் கும்பல்களின் வன்முறை, சொந்த மண்ணில் ஆட வழியில்லை, அதனால் தங்கள் 'சொந்த ஊர்' ஆட்டங்களை குராசோவில் போய் ஆடினார்கள். அங்கேயே நிகரகுவாவை 2-0 என்று ஜெயித்துத் தகுதி பெற்றார்கள். அன்றைக்கு 2025 நவம்பர் 18. 1803-இல் அதே நாளில்தான் வெர்தியேர் போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள், ஹைத்தியின் விடுதலையை உறுதி செய்த போர் அது. ஹைத்தி தகுதி பெற்ற அதே இரவில் குராசோ ஜமைக்காவுக்குப் போய் 0-0 என்று தாக்குப்பிடித்துத் தகுதி பெற்றது. இடம் கொடுத்தவர்களும் வந்தவர்களும் ஒரே இரவில்! ஹைத்திக்கு முதல் ஆட்டம் பாஸ்டன் பக்கத்தில், ஸ்காட்லாந்தோடு. ஹைத்திக்காரர்கள் அமெரிக்காவுக்குள் வர 2025 ஜூனில் தடை போட்டார்கள், அதில் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்த ஒரு ரசிகனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பாஸ்டனில் குடியேறி வாழும் ஹைத்திக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து அவர்கள் கத்துவார்கள் என்று நம்புகிறேன். நமக்கு அது ஞாயிறு காலை ஆறரை மணி.

கேப் வெர்டேயைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் பத்துத் தீவுகள், ஐந்து லட்சம் சொச்சம் மக்கள். 1975-இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை. 2025 செப்டம்பரில், தகுதிச் சுற்றில் இவர்கள் தலைநகர் பிரையாவில் 1-0 என்று ஓர் அணியை ஜெயித்தார்கள், அந்த ஒரு வெற்றிதான் உலகக் கோப்பை வரை வழியைத் திறந்துவிட்டது. தோற்ற அணி எது தெரியுமா? என்னுடைய கேமரூன். முப்பத்தைந்து வருடமாக நான் பின்தொடர்கிற அணி. அன்று இரவு வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் கேப் வெர்டே எஸ்வாட்டினியை 3-0 என்று ஜெயித்துக் குழுவில் முதலிடம் பிடித்தபோது, அந்த ஜனங்கள் தெருவில் இறங்கி ஆடியதைப் பார்த்த பிறகு வருத்தம் போய்விட்டது. விடுதலையின் ஐம்பதாவது ஆண்டில் கிடைத்த இடம் அல்லவா.

இந்த அணியில் ராபர்ட்டோ லோப்பஸ் என்று ஒரு டிஃபெண்டர். பிறந்து வளர்ந்தது டப்ளினில், அம்மா அயர்லாந்துக்காரர், அப்பா கேப் வெர்டேக்காரர். அந்நாட்டு கோச் இவருக்கு லிங்க்ட்இனில் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு செய்தி அனுப்பினார். வேண்டாத விளம்பரம் என்று நினைத்து இவர் விட்டுவிட்டார். மாதங்கள் கழித்து கோச் ஆங்கிலத்தில் மறுபடி கேட்டபோதுதான், பழைய செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். எங்கள் நாட்டுக்காக ஆட வருகிறாயா என்பதுதான் அதில் இருந்தது. ஐந்து லட்சம் பேரை வைத்துக்கொண்டு அணி அமைப்பவர்கள் உலகம் முழுக்கத் தங்கள் பிள்ளைகளை இப்படித்தான் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள்.

நம் இந்திய அணியின் கதை உங்களுக்குத் தெரியும். இந்தத் தகுதிச் சுற்றில் குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோம், அதுவும் நம் கேப்டன் சுனில் சேத்ரியின் 150-ஆவது ஆட்டத்தில். அப்புறம் தோஹாவில் பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகும் கத்தாருக்கு கோல் கொடுத்தார்கள், அத்தோடு வெளியே வந்துவிட்டோம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் கொடி அங்கே பறக்காத வரை வேறு யாருக்காவது கைதட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லாம் கிடைத்தவர்களுக்கு ஏன் தட்ட வேண்டும்? ஐம்பது வருடம் காத்திருந்து வருகிறவர்களுக்குத் தட்டுகிறேன். அவர்கள் நம்மைப் போல இருந்தவர்கள்.

கேப் வெர்டேயின் முதல் ஆட்டம் அட்லாண்டாவில், ஜூன் 15, திங்கட்கிழமை. எதிரே ஸ்பெயின், ஐரோப்பியச் சாம்பியன். அங்கே உச்சி வெயில் நேரம், நமக்கு இரவு ஒன்பதரை. அட்டவணையில் அந்த நேரத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கேமரூன் ஆடியதும் ஒன்பதரைக்குத்தான். இப்போது எங்கள் வீட்டில் திண்ணை இல்லை, மாடியில் இடம் இருக்கிறது, பெரிய டிவியை மேலே கொண்டுபோகப் போகிறேன். தம்பிகள் எல்லோரும் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள்.