டொர்னாடோ நடுவுல காத்து மேல போகுதா, கீழ வருதா?

வணக்கம் மக்களே! டொர்னாடோன்னா, மேகத்துலருந்து தரை வரைக்கும் தூண் மாதிரி சுத்தற சுழல்காத்து. அதுக்குள்ள மாட்டினா நேரா மேலதான் போகணும்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. ஆனா பலமா சுத்தற பெரிய டொர்னாடோல நடுவுல காத்து மேலருந்து கீழ இறங்கும். ஆமா, கீழதான். ஏன்னு இன்னைக்குப் பார்க்கலாம். கொஞ்சம் பிசிக்ஸ் வரும், ஓடிடாதீங்க.

2003 ஜூன் 24. அமெரிக்காவுல சவுத் டகோட்டா மாநிலம், மான்செஸ்டர்னு ஒரு குட்டி ஊர். டிம் சமராஸ்ங்கற இன்ஜினியர், டொர்னாடோ வர்ற வழியில தட்டையா, கூம்பு மாதிரி ஒரு கருவியை வெச்சிட்டு ஓடி வந்துட்டார். டொர்னாடோ அது மேலயே ஏறிப் போச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள காத்தழுத்தம் 100 மில்லிபார் இறங்கிடுச்சு. அவ்வளவு குறையணும்னா சாதாரணமா நீங்க கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறணும்! அந்த ஊரும் அன்னைக்கே தரைமட்டம்.

சரி, நடுவுல அழுத்தம் இவ்வளவு கம்மின்னா, சுத்தி இருக்கற காத்து பாஞ்சு வந்து நிரப்பிடணும்ல? ஏன் நிரப்பல? சுத்திட்டே இருக்கறதால. வேகமா சுத்தற காத்து வெளிய தெறிக்கப் பார்க்கும், அழுத்தம் உள்ள இழுக்கும். ரெண்டும் சரிக்குச் சரி. அதனால பக்கவாட்டுல உள்ள நுழைய வழியே இல்ல.

ஆனா தரையில? அங்கதான் விஷயமே இருக்கு. புல்லு, மரம், வீடுன்னு எல்லாத்துலயும் உரசி காத்தோட வேகம் குறையுது. வேகம் குறைஞ்சா தெறிக்கற பலமும் போச்சு. உள்ள இழுக்கற அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கு. உடனே தரையை ஒட்டின காத்து சர்ருனு மையத்துக்குப் பாயுது. சந்தேகமா இருந்தா டம்ளர் தண்ணியில கொஞ்சம் டீத்தூளைப் போட்டு ஸ்பூனால சுத்திவிடுங்க. அடங்கும்போது தூளெல்லாம் ஓரத்துக்குப் போகாது, அடியில நடுவுல வந்து குவியும். அதே உராய்வுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. உராய்வு வேகத்தைக் குறைக்கும்னுதானே படிச்சோம்? இங்க அதுவே காத்தை மையத்துக்கு ரொம்பக் கிட்ட கொண்டுவந்து விட்டுடுது. வட்டம் சின்னதாக ஆக, சுத்தற வேகம் எகிறும். அதனால டொர்னாடோவோட ரொம்ப மோசமான காத்து மேகத்துகிட்ட இல்ல, தரையிலருந்து சில பத்து மீட்டருக்குள்ள. வீடு இருக்கற உயரம்! அங்கருந்து சட்டுனு திரும்பி மேல பாயுது.

இப்ப கீழ இறங்கற கதை. சுழற்சி ரொம்ப பலமானா, நடுவுல அழுத்தக் குறைவு மேல இருக்கறதைவிட தரைகிட்ட அதிகமாயிடும். அது மேல இருக்கற காத்தைக் கீழ இழுக்குது. நடுவுல இறங்குது, சுத்தி வளையமா ஏறுது. இந்த வளையம் ரொம்ப நேரம் ஒழுங்கா நிக்காது. உடைஞ்சு, குட்டிக் குட்டி சுழல்களாகி, பெரிய டொர்னாடோக்குள்ளயே ஓட ஆரம்பிச்சிடும். நீல் வார்டுங்கற ஆய்வாளர் 1972-ல வெளியிட்ட ஆய்வுல, ஆய்வகத்துக்குள்ளயே சின்னதா டொர்னாடோ உண்டாக்கி இதைக் காட்டினார். அதுக்கு முன்னாடியே சிகாகோ பல்கலைக்கழகத்துல டெட் ஃபுஜிட்டா, விமானத்துலருந்து எடுத்த படங்கள்ல வயல் முழுக்க வளைஞ்சு வளைஞ்சு கிடந்த கோடுகளைப் பார்த்து, உள்ள இப்படி குட்டிச் சுழல்கள் இருக்கணும்னு சொல்லிட்டார். மனுஷன் கண்ணே கண்ணு! ஒரு வீடு நொறுங்கி, பக்கத்து வீடு முழுசா நிக்குதே, அதுக்கு இந்தக் குட்டிங்கதான் பெரும்பாலும் காரணம்.

2013 மே 31, ஓக்லஹோமாவுல எல் ரீனோ. 4.2 கிலோமீட்டர் அகலம், இதுவரை பதிவானதுலயே அகலமான டொர்னாடோ. உள்ள ஓடின குட்டிச் சுழல்ல மணிக்கு 475 கிலோமீட்டருக்கு மேல வேகம்னு ரேடார்ல பதிவாச்சு. அந்த டொர்னாடோலதான் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூடப் போன கார்ல் யங் மூணு பேரும் இறந்தாங்க. ரொம்ப ஜாக்கிரதையான ஆளுன்னு பேர் எடுத்தவர் சமராஸ்.

அப்புறம் ஜன்னலைத் திறந்து வெச்சா அழுத்தம் சமமாகி வீடு வெடிக்காதுன்னு அமெரிக்காவுல ஒரு பழைய நம்பிக்கை உண்டு. செய்யாதீங்க. வீட்டை உடைக்கறது காத்தும் அதுல பறந்து வர்ற சாமானும்தான். திறந்த ஜன்னல் வழியா காத்து புகுந்தா கூரையை அடியிலருந்து தூக்கும். டெக்ஸாஸ், ஓக்லஹோமா பக்கம் இருந்து பார்க்கறவங்க, உங்க வீட்டுல பேஸ்மென்ட் இல்லைன்னா, கீழ்த்தளத்துல ஜன்னலே இல்லாத உள் அறையை இப்பவே பார்த்து வெச்சுக்குங்க. பாத்ரூமா இருந்தாலும் பரவாயில்ல.