லோட் என்றால் லோட் ஷெட்டிங் அல்ல

நடுவர் ஐயா, எதிரணியினர், அவையோர் எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்தை நீட்டினால் கட்டாது. நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் கரன்ட் இருக்கிறது. அது இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும்.

தலைப்பு, ‘கணினியின் இன்பம் அன்றா, இன்றா?’ நான் ‘அன்று’ கட்சி. என் தலையைப் பார்த்தாலே தெரியும்.

எதிரணித் தங்கச்சி ஒரு போடு போட்டார். “அண்ணன் கொண்டாடும் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் மொத்த நினைவகமே 48 கேபி. நேற்று நான் எடுத்த பன்னி சௌ படம் 3 எம்பி. அண்ணனின் கணினிக்குள் என் சாப்பாடுகூடக் கொள்ளாது!” எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். (சென்னையிலிருந்து வந்த விருந்தினர் மட்டும் ‘பன்னி’ என்றதும் முகம் சுளித்தார். ஐயா, அது ரொட்டிக்குள் ஊற்றிய குழம்பு. பயப்படாதீர்கள்.)

தங்கச்சி, கணக்கு சரி. ஒரு படத்துக்கு அறுபதுக்கு மேல் ஸ்பெக்ட்ரம் வேண்டும். ஆனால் உதாரணம் தப்பு. கால் ரொட்டியைக் குடைந்து ஒரு சட்டிக் குழம்பை அடைத்தவன் டர்பன்காரன். எங்கள் புரோகிராமிங்கும் அதேதான்: குடைவது, அடைப்பது. அந்த 48 கேபியில் திரை மட்டும் 6,912 பைட்டைத் தின்றுவிடும். மிச்சத்தில்தான் குடித்தனம். 1984இல் இயன் பெல், டேவிட் பிராபன் என்று கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், 32 கேபி பிபிசி மைக்ரோ என்ற கணினியில் ‘எலைட்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். அதில் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். கிரகத்துக்குக் கிரகம் பேர் வேறு, விலைவாசி வேறு. எங்கே வைத்தார்கள்? வைக்கவே இல்லை! சில எண்களை மட்டும் விதையாக வைத்துக்கொண்டு, நீங்கள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் கணக்குப் போட்டு முளைக்கவைத்தார்கள். தங்கச்சியின் 3 எம்பியில் ஒரு ரொட்டி. அவர்களின் 32 கேபியில் 2,048 உலகம்!

புரோகிராமில் இங்கிருந்து அங்கே தாவச் சொல்லும் ‘கோ டூ’ கட்டளை கூடாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968லேயே எழுதிவிட்டார் என்றார் எதிரணியில் அடுத்தவர். எழுதட்டும். எனக்குக் கதை இருக்கிறது.

1985. கிரே ஸ்ட்ரீட்டில் அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஸ்பெக்ட்ரம். ரப்பர் பொத்தான்கள். ஜே-யை அமுக்கினால் ‘லோட்’ என்ற முழுச்சொல்லும் வந்து நிற்கும். இன்று இந்த ஊரில் லோட் என்றால் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டுதான் ஞாபகம் வருகிறது. அன்று லோட் என்றால் கேஸட்; புரோகிராமெல்லாம் பாட்டு கேஸட்டில் சத்தமாகத்தான் பதியும். பத்திரிகையைப் பார்த்து மூன்று நாள் தட்டிய ஒரு விளையாட்டைச் சேமிக்க வேண்டும். வெற்றுக் கேஸட் இல்லை. அலமாரியில் பேர் எழுதாத ஒன்று இருந்தது. எடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்று தடவை பதிந்தேன்.

அப்புறம் புரட்டாசி சனிக்கிழமை. வீடு நிறைய உறவுக்கூட்டம், வாழை இலை, கற்பூரம். அம்மா பக்தியோடு கேஸட்டைப் போட்டார். “கீ...ஈஈஈஈ... க்ர்ர்ர்ர்ர்!” மாமா கெட்டிலை அணைக்க ஓடினார். பெரியம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார். இல்லை, ஆடினார். (போன பட்டிமன்றத்தில் கண்ணை மட்டும்தான் மூடினார். கதையும் வளர வேண்டாமா?) சாமி வந்துவிட்டது என்று யாரோ திருநீறு பூசினார்கள். சத்தம் நின்றது, பெரியம்மாவும் நின்றார். இரண்டாவது பதிவு தொடங்கியது: “கீ...ஈஈஈ!” பெரியம்மா மறுபடியும்! மூன்றாவது பதிவுக்குத் திருநீறு தீர்ந்துபோனது. நடுவரே, எந்த ஃபோனில் இப்படி ஒரு அருள் உண்டு?

சிரித்துவிட்டீர்களா? சரி. அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கேஸட்டில் இருந்தது ஆயாவின், என் பாட்டியின், பாட்டு. அதற்கு முந்தின வருஷம்தான் ஆயா போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் தடுமாறாமல் தமிழ் பேசிய கடைசி ஆள் அவர். வேறு பதிவு கிடையாது.

தங்கச்சி, இதையே நீங்கள் எனக்கு எதிராகத் திருப்பலாம். ஃபோன் இருந்திருந்தால் ஆயாவை ஆயிரம் வீடியோ எடுத்திருப்பேன். ஒப்புக்கொள்கிறேன். எத்தனை மார்க் வேண்டுமானாலும் குறையுங்கள்.

அந்த மூன்றாவது பதிவு முடிகிற இடத்தில் ஒரு ‘டக்’ கேட்கும். அதற்கு அப்பால் ஆயா. பாட்டு முடிந்திருக்கும். “போதுமாடா? மிஷினை நிறுத்து, கரன்ட்டு செலவாவுது.” அவ்வளவுதான் மிச்சம்.

இதோ, கேஸட் பையில் இருக்கிறது. டேப் ரெக்கார்டரும் கொண்டு வந்திருக்கிறேன். நடுவர் ஐயா, மணியை ஒரு நிமிடம் பொறுத்து அடியுங்கள்.