எறும்புகள் காக்கும் நீலன்கள்

[காட்சி: பூத்திருக்கும் துவரை வயல். கேமரா ஒரு மொட்டுக்கொத்தை நெருங்குகிறது.]

துவரையும் அவரையும் பூக்கும் காலத்தில், மொட்டுகளைச் சுற்றி வேகமாகவும் ஒழுங்கற்றும் பறக்கும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றைத் தமிழ்நாட்டின் பல வயல்களில் காணலாம். பட்டாணி நீலன் என்று ஆர்வலர்கள் அழைக்கும் இந்தப் பூச்சி, ‘லைகேனிடே’ என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் அறியப்பட்டுள்ள வண்ணத்துப்பூச்சி இனங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது 5,000-க்கும் அதிகமானவை, இந்த ஒரே குடும்பத்தில் அடங்குகின்றன. இக்குடும்பத்துப் பூச்சிகளை இங்கே பொதுவாக நீலன்கள் என்றே சொல்வோம். இந்தியாவில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இறக்கையின் நிறத்தோடு தொடங்கி அதோடே முடிந்துவிடுகிறது. நீலன்களின் உண்மையான பன்முகத்தன்மை புழுப் பருவத்தில் இருக்கிறது என்பதே இந்தக் காணொளியின் கருத்து. ஆனாலும் நிறத்தைச் சொல்லாமல் கடந்துவிட முடியாது.

[காட்சி: நீலனின் இறக்கைச் செதில்கள், நுண்ணோக்கியின் வழியே.]

நீலன்களின் இறக்கையில் நீலச் சாயம் என்று எதுவும் இல்லை. இறக்கையை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களுக்குள் கைட்டின் என்ற பொருளும் காற்றும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றின் மீது விழும் ஒளியில் நீல அலைகள் மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகின்றன. பல இனங்களில் ஆண் பூச்சிக்கே இந்தப் பளபளப்பு முழுமையாக உண்டு. பெண் பூச்சி பழுப்பு நிறத்தில், ஓரிரு இடங்களில் மட்டும் நீலம் தூவியது போல இருக்கும். அமர்ந்தவுடன் இறக்கைகளை மூடிக்கொள்வதால் சாம்பலோ பழுப்போ கலந்த அடிப்புறமே நமக்குத் தெரிகிறது. பறக்கும்போது மின்னிய நீலம் அமர்ந்ததும் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

பட்டாணி நீலனின் பின்னிறக்கை ஓரத்தில் இரண்டு கரும்புள்ளிகளும், அவற்றை ஒட்டி மெல்லிய வால் ஒன்றும் இருக்கின்றன. அமர்ந்த நிலையில் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாக உரசும்போது அந்த வால்கள் உணர்கொம்புகளைப் போலவும், புள்ளிகள் கண்களைப் போலவும் அசைகின்றன. அதைத் தலை என்று நம்பிப் பாயும் பல்லிக்கோ சிலந்திக்கோ இறக்கையின் ஒரு துண்டுதான் கிடைக்கிறது. பின்னிறக்கையின் நுனி கிழிந்த நிலையில் நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் நீலன்களை அடிக்கடி காண்பதற்கு இந்த ஏமாற்று வேலையும் ஒரு காரணம்.

[காட்சி: மொட்டின் மேல் ஒற்றை முட்டை.]

பெண் பூச்சி அவரை இனத் தாவரங்களின் மொட்டுகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது. வெண்மையான அந்த முட்டை நடுவில் குழிந்த சட்டைப் பொத்தானைப் போலத் தட்டையானது. அதன் ஓட்டில் வலைப்பின்னல் போன்ற வேலைப்பாடு இருக்கும். சில நாட்களில் வெளிவரும் புழு மொட்டைத் துளைத்து உள்ளே நுழைந்து, முதலில் பூவின் உறுப்புகளையும் பிறகு காய்க்குள் இருக்கும் இளம் விதைகளையும் தின்று வளர்கிறது. அதனால்தான் வேளாண்மைத் துறையினர் இதைப் பயறு வகைப் பயிர்களின் காய்த்துளைப்பான்களுள் ஒன்றாகக் கருதுகிறார்கள். முழுதாக வளர்ந்த புழு காய்ந்த இலைகளுக்கிடையிலோ தரையிலோ ஒதுங்கி, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரையிலான மாற்றம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது.

[காட்சி: தட்டையான பச்சைப் புழு, அதன் முதுகில் எறும்புகள்.]

நீலன்களின் புழுக்களுக்கு நாம் அஞ்சும் கம்பளிப்புழுவின் தோற்றம் இல்லை. குறுகித் தட்டையான உடல், தடித்த தோல், உடலுக்குள் இழுத்துக்கொள்ளத்தக்க தலை ஆகியவை எறும்புகளின் கடியிலிருந்து தப்புவதற்கு ஏற்றவை. இவற்றோடு பல இனங்களின் புழுக்களுக்கு மூன்று வகையான சிறப்பு உறுப்புகளும் உண்டு. தோலெங்கும் பரவியிருக்கும் நுண்துளைகள் எறும்புகளின் ஆவேசத்தைத் தணிக்கும் வேதிப்பொருள்களைச் சுரப்பதாகக் கருதப்படுகிறது. வயிற்றின் ஏழாம் கண்டத்தில், அதாவது ஏழாவது உடல் வளையத்தில், உள்ள சுரப்பி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த இனிப்பு நீரைத் துளித்துளியாகத் தருகிறது. எட்டாம் கண்டத்திலிருந்து தேவைப்படும்போது வெளியே நீளும் இரண்டு கொம்புகள், ஆபத்து வரும்போது எறும்புகளை உசுப்பிவிடுகின்றன. எறும்புகள் சூழ்ந்திருக்கும் வரை ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவை நெருங்குவது கடினம். வாழ்க்கை வரலாறு அறியப்பட்ட நீலன் இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏதோ ஒரு வகையில் எறும்புகளோடு தொடர்புடையவை.

இது இரு தரப்புக்கும் லாபமான ஏற்பாடு என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 2015-இல் ஜப்பானிய நீலன் ஒன்றை ஆராய்ந்து வெளியான முடிவு அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துவிட்டது: அந்தப் புழுவின் இனிப்பைக் குடித்த எறும்புகளின் மூளையில், நரம்புகளிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவு குறைந்தது, அவை அலைவதைக் குறைத்துக்கொண்டு புழுவின் அருகிலேயே தங்கின. அப்படியானால் அந்தத் துளி கூலி மட்டுமன்று, காவலாளியைக் கட்டிப்போடும் மருந்தும்தான்.

எல்லா நீலன்களும் இலையையும் விதையையும் தின்பவை அல்ல. ‘ஏப்ஃப்ளை’ எனப்படும் சிறு பூச்சியின் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சிகளையே தின்று, அவற்றின் வெண்மெழுகைத் தன் மேல் போர்த்திக்கொண்டு அவற்றின் நடுவிலேயே ஒளிந்திருக்கும். அதன் கூட்டுப்புழு குரங்கின் முகத்தைப் போலத் தோன்றுவதால்தான் அப்பெயர் வந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுத் தோட்டங்களை அழித்தபோது, அதைத் தின்று வந்த உள்ளூர் இயற்கை எதிரிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பெருக்கத்தை அடக்கியது 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

[காட்சி: தென்மேற்கு இங்கிலாந்தின் புல்மேட்டுச் சரிவு, காட்டுத் தைம் செடியின் ஊதாப் பூக்கள்.]

எறும்போடு கொண்ட உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இங்கிலாந்தில் ‘லார்ஜ் புளூ’ என்று அழைக்கப்படும் பெரிய நீலனைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் புழு சில வாரங்களுக்கு மேல் தைம் பூக்களைத் தின்பதில்லை. பிறகு தரையில் விழுந்து காத்திருக்கிறது. வழியில் வரும் ‘மிர்மிகா’ வகைச் சிவப்பெறும்பு அதைத் தன் புற்றிலிருந்து தவறிவிட்ட எறும்புக் குஞ்சு என்று எண்ணி வாயில் கவ்விக்கொண்டு போகிறது. புற்றுக்குள் சேர்ந்த புழு ஏறத்தாழ பத்து மாதங்கள் எறும்புகளின் குஞ்சுகளையே தின்று, தன் இறுதி எடையில் 98 விழுக்காட்டை அங்கேயே பெறுகிறது. கோடையில் கூட்டைக் கிழித்து வெளிவரும் பூச்சி, இறக்கை விரிவதற்கு முன்பே புற்றிலிருந்து நடந்து வெளியேறிவிட வேண்டும்.

இந்த நீலன் அங்கே அருகி வந்தபோது, பூச்சி சேகரிப்பவர்களே காரணம் என்று எண்ணி நிலங்களுக்கு வேலி போட்டார்கள். வேலி சேகரிப்பவர்களோடு மேய்ச்சல் கால்நடைகளையும் தடுத்தது. 1950-களில் மிக்சோமடோசிஸ் நோயால் முயல்களும் பெருமளவில் இறந்தன. கடிக்க ஆளின்றிப் புல் உயர்ந்தது. நிழல் விழுந்த மண் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தது. சூடான மண்ணை நாடும் ‘மிர்மிகா சபுலேட்டி’ எறும்பு விலக, அதன் இடத்தில் வேறு எறும்புகள் குடியேறின. அந்த வேறு எறும்புகளின் புற்றுகளில் இந்தப் புழு பிழைப்பது அரிது. பூச்சியியலாளர் ஜெரமி தாமஸ் இந்தச் சங்கிலியை 1970-களில் அவிழ்த்தபோது காலம் கடந்துவிட்டது; 1979-இல் பெரிய நீலன் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அவர் கண்டறிந்ததை அடிப்படையாகக் கொண்டு புல்லை மேயவிட்டுக் கட்டையாக வைத்து, 1983-இல் தொடங்கி ஸ்வீடனின் ஓலண்ட் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றால் அது மீண்டும் குடியமர்த்தப்பட்டது.

[காட்சி: வீட்டு முற்றத்தில் சைகஸ் செடி, புதிதாக விரியும் இளந்தளிர்.]

ஒரே எறும்பை நம்பிய நீலன் அப்படியென்றால், நம் பக்கத்து ‘பிளெயின்ஸ் கியூபிட்’ அதற்கு நேர் எதிர். இதன் புழுவுக்கு முக்கியமான உணவு, பனை போலத் தோன்றும் சைகஸின் இளந்தளிர்; தளிர் முற்றி இறுகுவதற்குள் வளர்ந்துவிட வேண்டியிருப்பதால் அதன் வாழ்க்கைச் சுழற்சி மிக விரைவானது. காவலுக்கு எறும்புகள் வந்துபோகும். ஆனால் குறிப்பிட்ட ஓர் எறும்புதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழகுக்காக சைகஸ் வளர்க்கும் வழக்கம் பரவியதோடு இந்தப் பூச்சியும் ஆசியாவுக்கு வெளியே சென்றது. 2005-இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவை அடைந்தபோது, அங்கே இயற்கையாக வளரும் சைகஸ் மரங்கள் இரண்டாண்டுகளுக்கு முன் வந்த, சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சியால் ஏற்கெனவே நலிந்திருந்தன. அவை விட்ட புதுத்தளிர்களைத் தின்பதற்கு இப்போது நீலனின் புழுக்களும் சேர்ந்துகொண்டன.